வேலையை முதலில் பிடியுங்கள், ஓட்டம் பின்னால் வரும்

கேள்வி இது: மலேசியாவின் பினாங்கு இளையோர் பூங்காவில் ஞாயிறுதோறும் நடந்தும் மெதுவோட்டம் ஓடியும் வரும் 18 பேர் கொண்ட தமிழர் குழு. வயது 24 முதல் 63 வரை. அதே காலையில் அக்கம்பக்கத்து முதியோர் இல்லங்கள், அன்பு இல்லங்கள், உணவு வங்கிகளுக்கும் கைகொடுக்க நினைக்கிறார்கள். எந்த வேலையை எடுப்பது, எப்படித் தொடங்குவது, பதிவு ஏதும் வேண்டுமா?

பெரும்பாலான குழுக்கள் செய்யும் தவறிலிருந்தே தொடங்கலாம். ஓடும் வழியை முதலில் முடிவு செய்கிறார்கள். பிறகு அந்த வழியில் எந்த இல்லம் இருக்கிறது என்று தேடுகிறார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பதினெட்டுப் பேர் நனைந்த சட்டையோடு வாசலில் போய் நிற்கிறார்கள். முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டுவதும் பசியாற வைப்பதும் மாத்திரை கொடுப்பதும் நடக்கிற நேரம் அது. இரண்டு பணியாளர்கள் கைவேலையை விட்டுவிட்டு வந்து வரவேற்று, தேநீர் கலக்கி, படத்துக்கும் நிற்கிறார்கள். குழு திரும்பிப் போன பிறகு இல்லத்துக்கு மிச்சம் அரை மணி நேரத் தாமதம்தான். ஆகவே எந்த வேலை செய்யப்படாமல் கிடக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அதற்கு எத்தனை பேர், எந்த நேரம் என்று கணக்கிடுங்கள். ஓட்டத்தையும் நடையையும் அதன் இரு பக்கமும் வையுங்கள்.

யோசனை புதிதல்ல. லண்டனில் தொடங்கிய 'குட்ஜிம்' அமைப்பில் ஓடிப்போய், தோட்டம் கொத்தி அல்லது மூட்டை தூக்கி, மறுபடி ஓடித் திரும்புவார்கள். சுவீடனில் எரிக் ஆல்ஸ்ட்ரோம் 2016-இல் பரப்பிய 'பிளாக்கிங்' ஓடிக்கொண்டே குப்பை பொறுக்குவது. நம் ஊரில் இதற்கெல்லாம் முன்பே கோத்தோங்-ரோயோங் எனும் கூட்டுப் பணி உண்டு. ஆனால் கோத்தோங்-ரோயோங் ஆண்டுக்கு ஓரிரு முறை, நூறு பேர், ஒரு பெரிய பானை மீகூன் (அரிசிச் சேமியா) என்று போகும். உங்களுக்கு வேண்டியது அதன் எதிர்ப்பக்கம்: சின்ன வேலை, சிலர், மாதம் தவறாமல்.

வேலையைத் தேர்ந்தெடுக்க ஒரு சல்லடை இருக்கிறது. உடம்பு உழைக்க வேண்டும், ஆனால் தனித் திறமை தேவைப்படக் கூடாது. 40 நிமிடத்தில் முடிய வேண்டும், அல்லது பாதியில் விட்டாலும் கேடு வராததாக இருக்க வேண்டும். அடுத்த மாதமும் அதே வேலை இருக்க வேண்டும். கடைசியாக, வியர்த்த உடம்போடு பொருளைத் தொடலாம், நோயாளியைத் தொடக் கூடாது. வயதானவர்களுக்கு நம் சாதாரண சளியே நெஞ்சில் இறங்கிவிடும். அவர்களோடு உட்கார்ந்து பேச விரும்புகிறவர்கள் வேறொரு நாள் குளித்து மாற்றுடையில் போகட்டும். அது நல்ல தொண்டுதான், உடற்பயிற்சி நேரத்துக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே.

இந்தச் சல்லடையில் முதலில் தேறுவது பண்டக அறை. உணவு வங்கியோ இல்லமோ, நன்கொடைப் பொருள் வந்து குவியும். தீபாவளி, ரமலான், சீனப் பெருநாள், கிறிஸ்துமஸ் முடிந்த வாரங்களில் கதவைத் திறக்க முடியாது. அடுக்க ஆள் இருக்காது. புது மூட்டை முன்னால் விழும், பழைய மூட்டை பின்னால் கிடந்து வண்டு பிடிக்கும். செய்ய வேண்டியது: எல்லாவற்றையும் வெளியே எடுப்பது, காலாவதித் தேதிப்படி மூன்று குவியலாகப் பிரிப்பது (தேதி தாண்டியது, மூன்று மாதத்துக்குள் முடிவது, மற்றவை), அலமாரியைத் துடைப்பது, முதலில் முடிவதை முன்னால் வைத்துத் திரும்ப அடுக்குவது. அரிசியைத் தரையில் வைக்காதீர்கள், மரப் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சுவரோடு ஒட்டினால் ஈரம் ஏறும், எலி வந்துபோவதும் தெரியாது. தேதி தாண்டியதை எறியும் முடிவைப் பொறுப்பாளரே எடுக்கட்டும். தகரம் உப்பியிருந்தால் மட்டும் கேள்வியே வேண்டாம், திறக்காமல் தனிப் பையில் கட்டி அவரிடம் காட்டுங்கள்.

இந்த வேலையில் எடைதான் பயிற்சி. ஒன்றரை லிட்டர் தண்ணீர் போத்தல் 12 உள்ள பெட்டி 18 கிலோ. அரை லிட்டர் 24 உள்ளது 12 கிலோ. பத்து கிலோவுக்கு மேல் எதுவானாலும் இருவர் என்று விதி வைத்துவிடுங்கள், வீராப்பு வேண்டாம். ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டை, கைக்கொன்றாகப் பிடித்து 30 மீட்டர் நடந்து வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது ஒரு சுற்று. ஆறு சுற்று போனால் பிடி, தோள், வயிறு எல்லாம் வேலை செய்திருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தோடு தசைப் பயிற்சியும் இரண்டு நாள் வேண்டும் என்கிறது. நடைக்குழுக்காரர்கள் தவறவிடுவது அந்த இரண்டாவது பாதியைத்தான்.

வரிசையாக நின்று கைமாற்றும் 'சங்கிலி' முறை பார்க்க அழகாக இருக்கும், முதுகைப் பிடிப்பதும் அதுதான். இடமிருந்து வாங்கி வலமாகக் கொடுக்கும்போது கால் நகராமல் இடுப்பு மட்டும் திரும்புகிறது. இருபது நிமிடத்தில் ஒரே பக்கம் நூறு தடவைக்கு மேல் திரும்பிவிடும். ஆளுக்கு ஆள் ஓர் எட்டு இடைவெளி விட்டு, பொருளை வாங்கி, பாதத்தைத் திருப்பி ஓர் எட்டு வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லோரும் எதிர்ப்பக்கம் போய் நிற்கட்டும், திரும்பும் பக்கமும் மாறும். தரையிலிருந்து எடுக்கும் இடத்தில் முட்டி வலி உள்ளவரை நிறுத்தாதீர்கள். அவருக்கு மேசை உயரத்தில் தேதி பார்க்கும் வேலை.

இரண்டாவது, தனியாக வாழும் முதியவர்களுக்குப் பொட்டலம் கொண்டுபோவது. மின்தூக்கி இல்லாத நான்கு மாடி அடுக்குவீடுகள் தீவில் நிறையவே உண்டு. மேல்மாடியில் மாட்டிக்கொண்ட எழுபது வயதுக்காரருக்கு அரிசி மூட்டைதான் பெரிய எதிரி. உங்களுக்கோ அதே படி பயிற்சி. முகவரிப் பட்டியலை நீங்கள் தயாரிக்காதீர்கள். ஏற்கெனவே அந்தக் குடும்பங்களை அறிந்த அமைப்பிடமிருந்து பெறுங்கள், வேலை முடிந்ததும் திரும்பக் கொடுத்துவிடுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் முகவரி போடுவது, கதவு எண் தெரியும்படி படம் போடுவது இரண்டும் தனியாக இருப்பவர் யார் என்று திருடனுக்குச் சொல்லிக் கொடுப்பது போல.

ஒருவருக்கான பொட்டலத்தை ஆறு கிலோவுக்குள் கட்டுங்கள்: அரிசி 2 கிலோ, கோதுமை மாவு 1, சமையல் எண்ணெய் 1, பருப்பு அரை கிலோ, மீகூன் ஒரு பை, மத்தி தகரம் இரண்டு, உப்பில்லாத பிஸ்கட் ஒன்று. ஒற்றை ஆளுக்கு 10 கிலோ அரிசி கொடுத்தால் பாதியில் வண்டு விழும். சீனியும் இனிப்புக் கலந்த 'திரீ இன் ஒன்' பொட்டலமும் எல்லா நன்கொடையிலும் இருக்கும், கேட்காமல் கொடுக்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு இந்நாட்டு வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். பல்லில்லாதவருக்குக் கொண்டைக்கடலை கொடுப்பதும் அப்படித்தான்.

கைப்பையில் தொங்கவிட்டு ஓடாதீர்கள், முதுகுப்பையில் போட்டு நடங்கள். கனமான அரிசி முதுகை ஒட்டி, மேலே எண்ணெய், அதுவும் தனிப் பையில் கட்டி. எண்ணெய்ப் பொட்டலம் பிதுங்கி உடைவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் விபத்து. படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடியுங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முட்டிக்கு அடி. ஒரு வீட்டுக்கு இருவர் போகட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் கதவு சுலபமாகத் திறக்கும். மூன்று முறை தட்டியும் திறக்கவில்லை என்றால் பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பக் கூடாது. பக்கத்து வீட்டில் விசாரித்து அமைப்புக்குச் சொல்ல வேண்டும். சில நேரம் அந்தத் தகவல்தான் பொட்டலத்தைவிட முக்கியம்.

உங்கள் குழு கூடும் இடத்துக்கே உரிய ஒரு தொல்லை: குரங்கு. இளையோர் பூங்காவிலும் பொட்டானிக்கல் தோட்டத்திலும் நெகிழிப் பையின் சரசரப்பு கேட்டாலே இறங்கி வந்துவிடும். பொட்டலங்களைப் பூங்காவில் பிரிக்காதீர்கள், வண்டியிலேயே வைத்து, கொடுக்கும் இடத்துக்கு அருகில் பிரியுங்கள்.

மூன்றாவது, டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவைத் தேடுவது. நடைக்குழுவுக்கென்றே செய்த வேலை என்று சொல்லலாம். முட்டையிலிருந்து கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் சுழற்சி அறுந்துபோகும். 'வாரம் பத்து நிமிடம்' என்று சுகாதார அமைச்சு சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். ஓர் இல்லத்தின் வளாகத்தையும் சுற்றியுள்ள இரண்டு சந்துகளையும் ஆறு பேர் அரை மணியில் பார்த்துவிடலாம். ஆளுக்கொரு கைவிளக்கு, ஒரு வெள்ளைக் கரண்டி, ஒரு தேய்ப்பான். இருண்ட நீரில் விளக்கடித்தால் புழு வெளிச்சத்தை விட்டுத் துள்ளி ஓடும். வெள்ளைக் கரண்டியில் அள்ளினால் கண்ணுக்குத் தெரியும். பார்க்க வேண்டிய இடங்கள்: பூச்சட்டித் தட்டு, ஏ.சி. நீர் சொட்டும் வாளி, பழைய டயர், தார்ப்பாய் மடிப்பு, மூங்கில் கம்ப நுனி, சாமி மேடையடியில் மறந்துபோன செம்பு, பயன்படாத கழிப்பறையின் தொட்டி, தேங்காய்ச் சிரட்டை.

தண்ணீரைக் கொட்டிவிட்டு நகர்வதுதான் இங்கே எல்லோரும் செய்யும் பிழை. ஏடிஸ் முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, பாத்திரத்தின் உட்சுவரில், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தும் பல மாதம் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரியும். அதனால் உட்சுவரைத் தேய்க்க வேண்டும், பிறகு கவிழ்த்து வைக்க வேண்டும். கொட்டிய தண்ணீரை வாய்க்காலில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள். கொட்ட முடியாத தொட்டிக்கு கொசுப்புழுவைக் கொல்லும் 1 விழுக்காட்டு அபேட் மணல், 10 லிட்டருக்கு 1 கிராம். கூரை நீர்த்தாரைக்கு ஏணி வைத்து ஏறாதீர்கள், அடைப்பு தெரிந்தால் குறித்துக் கொடுங்கள், போதும். விடிந்த பிறகும் பொழுது சாய்வதற்கு முன்பும்தான் ஏடிஸ் மிகுதியாகக் கடிக்கும், அதாவது நீங்கள் போகும் அதே நேரம். அரைக்கால் சட்டையோடு டிங்கி ஒழிக்கப் போகாதீர்கள். நீளக் கால்சட்டை, கொசு விரட்டி.

தோட்ட வேலை எல்லோருக்கும் முதலில் தோன்றும், ஆறு வாரத்தில் செத்தும் போகும். காரணம் எளிது: பாத்தி போட்டது ஞாயிறு, தண்ணீர் ஊற்ற வேண்டியது திங்கள் முதல் சனி வரை. இல்லத்தில் ஒருவர் "நான் ஊற்றுகிறேன்" என்று பெயர் சொல்லாமல் மண்ணைக் கொத்தாதீர்கள். கொத்துவதானால் பாத்தி அகலம் 1.2 மீட்டருக்குள், இரு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும். நீளம் எவ்வளவானாலும் சரி. ஆழம் ஒரு சாண் போதும். சங்குல் (மண்வெட்டி) பிடிப்பவர்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாறட்டும், கையும் மாறட்டும். வெண்டையும் தக்காளியும் ஆசைக்குச் சரி. பராமரிப்பு குறைந்த இல்லத்துக்கு முருங்கை, கறிவேப்பிலை, செராய் (எலுமிச்சைப்புல்), வள்ளிக்கிழங்குக் கீரை. சமையலறைக்கு உடனே போகும், கவனிக்காவிட்டாலும் தாக்குப் பிடிக்கும்.

சக்கர நாற்காலியில் வெளியே அழைத்துப்போவது மேலே சொன்ன 'பொருள்தான், ஆள் அல்ல' என்ற விதிக்கு விலக்கு. அதனால் கூடுதல் கவனம். பசியாறி, மாத்திரை போட்ட பிறகு, எட்டரை வாக்கில், 20 முதல் 25 நிமிடம். தள்ளுகிறவர் ஓடிவந்த களைப்போடு இருக்கக் கூடாது. அன்றைக்கு ஓட்டம், நாற்காலியைத் தள்ளி முடித்த பிறகுதான். ஒரு நாற்காலிக்கு இருவர்: ஒருவர் தள்ள, ஒருவர் முன்னே பாதை பார்க்க. கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைப்பது பணியாளர் வேலை, உங்களுடையதல்ல. புறப்படுமுன் இரண்டு பக்கத் தடையும் பிடிக்கிறதா, சக்கரத்தில் காற்று இருக்கிறதா, பாதம் தாங்கியின் மேல் பாதம் இருக்கிறதா, சேலை நுனியோ கைலியோ சக்கரத்தருகே தொங்குகிறதா என்று பாருங்கள். சரிவில் இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, நீங்கள் பின்னோக்கி நடந்து இறக்குங்கள், முன்னோக்கி இறக்கினால் அமர்ந்திருப்பவர் சரிந்து விழுவார். வாய்க்கால் இரும்பு மூடியின் இடுக்கில் முன்சக்கரம் சிக்குவது ஜார்ஜ்டவுனில் அன்றாடம் நடப்பது. முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கி, பின்சக்கரத்தால் கடந்துவிடுங்கள். பழைய கடைவீடுகளின் ஐந்தடிப் பாதை படத்தில் அழகு, நாற்காலிக்கு ஆகாது. கடைக்குக் கடை உயரம் மாறும், நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். கடலோர நடைபாதையோ பூங்காவின் சமதளமோ பாருங்கள், முதல் நாள் வெறும் நாற்காலியைத் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

வாய்க்கால் துப்புரவு ஒன்றை மட்டும் புதுக் குழு தொடாமலிருப்பது நல்லது. எலி சிறுநீர் கலந்த நீரில் லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், காலில் உள்ள சின்னக் கீறல் வழியே ஏறும். செய்தே ஆக வேண்டும் என்றால் ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, காயமுள்ளவர் விலகல். அடுத்த நான்கு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் "வாய்க்காலில் இறங்கினேன்" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் டிங்கி என்றே தேடிக்கொண்டிருப்பார்கள்.

தைப்பூசம் உங்கள் ஆண்டின் பெரிய நாள். தண்ணீர்மலை முருகன் கோயில் உங்கள் பூங்காவுக்கு அருகிலேயே. தண்ணீர்ப் பந்தல்களில் பரிமாற ஆள் குறைவே இல்லை. குறைவது குப்பைக்கும் சுமைக்கும்தான். ஒரு பந்தலோடு முன்பே பேசி, மூன்று வாளி முறையை நடத்துங்கள்: எச்சில் உணவு, காகித நெகிழிக் குவளை, போத்தல். வாளிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று வாயால் சொன்னால்தான் பிரியும், எழுதி ஒட்டிய அட்டையை யாரும் படிப்பதில்லை. ரதம் போன பாதையில் உடைந்த தேங்காயை மண்வாரியால் அள்ளி, சாக்கை பாதி மட்டும் நிரப்புங்கள். முழுச் சாக்கை இருவராலும் லோரியில் ஏற்ற முடியாது. இளநீர் சிந்திய தார்ச்சாலை எண்ணெய் தடவியது போல வழுக்கும், தேய்ந்த ஓட்டக் காலணி ஆபத்து. வெறுங்காலோடு தொண்டு செய்ய நினைக்கும் நீரிழிவுக்காரர்களைத் தடுத்துவிடுங்கள். சிரட்டைக் கீறல் அவர்களுக்கு உடனே தெரியாது, மூன்றாம் நாள் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். மாநகர் மன்றத் துப்புரவாளர்களின் இயந்திரம் வரும் நேரத்தைக் கேட்டு, அதன் வழியில் நிற்காதீர்கள். மற்ற நாள்களில் கோயிலின் 513 படியில் பயிற்சி செய்கிறவர்கள் விடியலில் அமைதியாக ஏறி இறங்கட்டும். நேரம் பார்த்து விரட்டி ஓடும் இடம் அதுவல்ல.

ரமலானில் இந்திய முஸ்லிம் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி பெரிய அண்டாவில் காயும், மாலையில் வாங்க வரிசை நிற்கும். உங்கள் குழுவில் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் அந்த மாதம் காலை நடையைச் சுருக்கி, மாலையில் நிர்வாகம் கேட்டால் அண்டா தூக்கவும் பாத்திரம் கழுவவும் போகலாம். சமைப்பதில் கை வைக்காதீர்கள். பொது உணவு தயாரிப்பவருக்கு இங்கே உணவு கையாளுநர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் வேண்டும். எந்த இடத்திலும் சமைத்த உணவைக் கொண்டுபோகும் பொறுப்பு வந்தால், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளிவெப்பத்தில் இருக்க விடாதீர்கள். தேங்காய்ப் பால் சேர்ந்தது இன்னும் சீக்கிரம் கெடும்.

இரத்த தானத்தை ஓட்டத்தோடு கோக்க வேண்டாம். கொடுத்த பிறகு 24 மணி நேரம் கடும் பயிற்சி கூடாது, கொடுக்குமுன் நீர் வற்றியிருக்கவும் கூடாது. எடை 45 கிலோவுக்குக் குறையாமல், முந்தைய தானத்துக்குப் பிறகு மூன்று மாதம் ஆகியிருந்தால், குழுவாகப் போய்வர ஒரு தனி ஞாயிறு வையுங்கள். அன்று நடைக்கு விடுமுறை.

நேரக் கணக்கு இப்படி வரும். பினாங்கில் சூரியன் ஆண்டு முழுதும் ஏழு மணி வாக்கிலோ அதற்குப் பிறகோதான் எழுகிறது. 6:50-க்குக் கூடி, எட்டு நிமிடம் உடம்பைச் சூடாக்கி, நடப்பவர்கள் ஏழுக்கும் ஓடுபவர்கள் ஏழு ஐந்துக்கும் புறப்பட்டால் இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள இடத்துக்கு இரு சாராரும் 7:20 வாக்கில் ஒன்றாகச் சேரலாம். விரைந்த நடை 20 நிமிடம், மெதுவோட்டம் 15. ஐந்து நிமிடம் மூச்சு வாங்கி, 40 நிமிட வேலை, 8:05-க்கு நிறுத்தம். நிறுத்தம் என்றால் நிறுத்தம். மிச்சமிருந்தால் அடுத்த மாதத்துக்கு. "இன்னும் கொஞ்சம்" என்று ஒன்பதரை வரை இழுத்த குழுவில் மூன்றாம் மாதம் பாதிப்பேர் வரமாட்டார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தொலைவான இடத்தை எடுக்காதீர்கள், 63 வயதுக்காரர் திரும்பியும் நடக்க வேண்டும். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி, ஒற்றை வரிசை.

காலையில் வெப்பம் 25 பாகை என்று ஏமாறாதீர்கள். ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், வியர்வை காயாது, உடம்பு குளிராது. ஆளுக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். நடுவில் வேலை இருப்பதால் குடிக்க மறந்துவிடுவார்கள், தலைவர் கைதட்டிக் குடிக்கச் சொல்ல வேண்டும். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் பசியாறாமல் வரக் கூடாது. நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சுக் குழறல் என்றால் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த நீர், பதினைந்து நிமிடம் உட்கார வைத்துப் பார்த்து, தேவையானால் மறுபடி. வெயிலில் ஒருவர் தொடர்பில்லாமல் பேசத் தொடங்கினால் அது வெப்பத்தாக்கம். நிழலில் கிடத்தி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999. காற்று மாசுக் குறியீடான ஐ.பி.யு. 100-ஐத் தாண்டினால் வெளிவேலை வேண்டாம், பள்ளிகளுக்கும் அதே அளவுகோல். இடி கேட்டால் உள்ளே, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வரை. செப்டம்பர், அக்டோபரில் மழை மிகுதி, அந்த மாதங்களுக்குப் பண்டக அறை வேலையை ஒதுக்கி வையுங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம்: உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை 20 சோடி, பாதி சிறிய அளவில் (பெரிய கையுறை போட்ட சின்னக் கை எதையும் பிடிக்காது), இடுக்கி ஆறு, சாக்கு இருபது, கைவிளக்கு ஆறு, முதலுதவிப் பெட்டி ஒன்று, கைகழுவச் சவர்க்காரம். ஆறு பேருக்கு ஒரு தலைவர். அவர் வேலை செய்யக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இது கஷ்டம், சும்மா நிற்பவரை ஏசுவார்கள்.

இனி, இல்லத்தை அணுகுவது. வார நாளில், காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் கூப்பிடுங்கள். மூன்று கேள்வி போதும்: எந்த வேலை தேங்கிக் கிடக்கிறது, எங்களோடு யார் இருப்பார், எந்த நேரத்தில் வரக் கூடாது. முதல் முறை ஆறு பேர் மட்டும் போங்கள். "வாரா வாரம் வருவோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆறு மாதம் என்று சொல்லுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லா இல்லத்திலும் கூட்டம் அலைமோதும், நீங்கள் மார்ச்சிலும் ஆகஸ்ட்டிலும் போங்கள். இல்லம் பராமரிப்பு மையங்கள் சட்டம் 1993-இன் கீழ் சமூகநலத்துறையில் பதிவு பெற்றதா என்று பாருங்கள், கேட்பதில் தவறில்லை. பிள்ளைகள் இருக்கும் இல்லத்தில் பிள்ளைகளைப் படம் எடுப்பதே இல்லை என்று விதி வையுங்கள். பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு ஓர் அறையில் இருக்கவும் கூடாது. உங்கள் குழுவில் 18 வயதுக்குட்பட்டவர் சேர்ந்தால் பெற்றோரும் கூட வரட்டும்.

பதிவு பற்றி: சங்கங்கள் சட்டம் 1966-இன் வரையறையில் ஏழு அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடும் கழகம், தற்காலிகமானதாக இருந்தாலும், 'சங்கம்' என்றே வரும். பெயர் சூட்டி, சந்தா வாங்கி, கணக்குத் திறக்க எண்ணினால் பதிவு வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது, ஏற்கெனவே பதிவுள்ள ஓர் அமைப்பின் நிழலில் நில்லுங்கள்: குடியிருப்போர் சங்கம், கோயில் இளைஞர் பிரிவு, இந்து சங்கத்தின் வட்டாரப் பேரவை. கடிதம் அவர்கள் தலைப்பில் போகும், குழு விபத்துக் காப்புறுதியும் அவர்கள் பெயரில் எடுக்கலாம். பூங்காவிலோ கடற்கரையிலோ பெரிய அளவில் கூடுவதற்கு மாநகர் மன்றத்திடம் முன்பே எழுதிக் கேளுங்கள்.

பணம் திரட்டுவதை முதல் ஆண்டில் தொடவே வேண்டாம். வீடு வீடாகவும் தெருவிலும் நன்கொடை கேட்பதற்கு 1947ஆம் ஆண்டிலிருந்தே ஒரு சட்டம் உண்டு, காவல்துறை உரிமம் வேண்டும். 'அறப்பணி ஓட்டம்' வைப்பதில் கணக்கும் பெரும்பாலும் உதைக்கும்: 60 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் சட்டை 20, பதக்கம் 12, தண்ணீரும் பழமும் 8, காப்புறுதி, கூடாரம், ஒலிபெருக்கி என்று போனால் இல்லத்துக்குப் பத்து வெள்ளி மிஞ்சினால் பெரிது. கொடுக்க விரும்புகிறவர் நேராக இல்லத்தின் கணக்கில் போடட்டும். அந்த இல்லத்துக்கு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவு அங்கீகாரம் இருந்தால் கொடுப்பவருக்கு வரிக் கழிவும் உண்டு.

ஒவ்வொரு முறையும் நோட்டில் நான்கே விவரம் எழுதுங்கள்: எத்தனை பேர், எத்தனை நிமிடம், என்ன முடிந்தது, என்ன மிச்சம். 'அலமாரி மூன்று அடுக்கியது, 14 தகரம் கழித்தது' என்று எழுதினால் அடுத்த மாதம் எத்தனை பேர் வேண்டும் என்று தெரியும். 'சிறப்பாக நடந்தது' என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பொறுப்பாளரிடம் போய் உட்காருங்கள். "இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று அவர் சொன்னால் வருத்தப்படாமல் அடுத்த இல்லத்தைக் கூப்பிடுங்கள். "வேறு நேரத்தில் வர முடியுமா" என்று கேட்டால், அவர் கேட்கும் நேரத்துக்கு உங்கள் நடையை மாற்ற முடிகிற ஆறு பேர் யார் என்று அந்த ஞாயிறே ஒட்டுக்கடையில் தே தாரிக் வருவதற்குள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.